துக்க வீட்டில் வரும் சிரிப்பு

"காலையில பேரனோட சிரிச்சுப் பேசுறாங்க டாக்டர். சாயங்காலம் அப்பா சட்டையை மடியில வச்சுக்கிட்டு அழறாங்க. மனசு ஏதாவது பாதிச்சிருக்குமோ?" மனநலப் பிரிவுக்கு அம்மாவையோ அப்பாவையோ கூட்டி வரும் பிள்ளைகளின் கவலை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இந்த அம்மாவின் கணவர் இறந்து நான்கு மாதம். தனியாகப் பேசினால், அழுவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அவர் போய் வருஷம் கூட திரும்பல, எனக்கு எப்படிச் சிரிப்பு வருது?" என்பதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

சாப்பிடுகிறார், ஓரளவு தூங்குகிறார், கடைகண்ணிக்குப் போய் வருகிறார். நோய் எதுவும் இல்லை. மாத்திரை எழுதவில்லை.

துக்கம் ஐந்து படிகளாக இறங்கி முடிந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். 1969இல் அதை எழுதிய மனநல மருத்துவர் எலிசபெத் குப்ளர் ராஸ் முதன்மையாகப் பேசியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம். இழந்தவர்களைப் பொறுத்தவரை, 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷுட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சொன்னதுதான் நான் தினமும் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. மனம் கொஞ்ச நேரம் இழப்பில் மூழ்கும், அப்புறம் அன்றாட வேலைக்குத் திரும்பும், மறுபடி மூழ்கும். ஐப்பசி வானம் மாதிரி, கொட்டுகிற மழைக்கு நடுவே சுள்ளென்று வெயில் அடிக்கும். அந்த மாறிமாறி வருதல்தான் ஆறுவதற்கான வழி.

நம் வீடுகளில் இதன் இரண்டு பக்கத்தையும் அடைத்துவிடுகிறோம். "ஆம்பளை நீயே அழுதா எப்படி?" என்று மகனை அடக்குகிறோம். அவன் காரியம் முடிந்த கையோடு குடிக்க ஆரம்பிக்கிறான். கணவனை இழந்த பெண்ணையோ, சொந்தப் பேத்தியின் சடங்கில்கூடப் பின்வரிசையில் உட்கார வைக்கிறோம். சந்தோஷம் அவளுக்கு இனி உரியதில்லை என்று ஊரே சொல்லும்போது, தானாக வரும் சிரிப்பும் அவளுக்குக் குற்றமாகத் தெரிகிறது. இது கொடுமை, சம்பிரதாயம் என்ற பெயரில் நடந்தாலும்.

மூன்றாம் நாளே "தூங்குறதுக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்பவர்களும் உண்டு. வேறு மனநோய் இல்லாதபோது, துக்கத்துக்காக பென்சோடயசிபைன் வகை தூக்க, பதற்ற மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே சொல்லிவிட்டது. அல்ப்ரசோலம் அந்த வகைதான். பழக்கமாகிவிடும் மருந்து அது. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய சீட்டைக் காட்டி வாங்கிப் போடாதீர்கள்.

துக்கம் நோயாக மாறுவதும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேலாகியும் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல், வேலை, சமையல், குளியல் எல்லாம் நின்றுபோயிருந்தால் அதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறோம். அதற்குப் பேச்சு சிகிச்சை நன்றாகப் பலன் தரும். ஆனால் "நானும் அவர்கிட்டயே போயிடறேன்" என்ற பேச்சு வந்தால் மாதக்கணக்கு பார்க்கக் கூடாது. அன்றைக்கே கூட்டி வாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416, தமிழ்நாட்டில் சுகாதார உதவி எண் 104, இரண்டிலும் எந்த நேரமும் எடுப்பார்கள். ஆள் வரும்வரை அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.