பிழைக் குறியீடா, பழுதுக்குறியா?

‘அமைப்பு மிகவும் ஒல்லியாக உள்ளது, வங்கி 1.’ கார் இன்ஜின் பற்றிய ஒரு தமிழ் விளக்கத்தில் போன வாரம் இப்படிப் படித்தேன். பழுது கண்டால் காரின் கணினி பதிந்துவைக்கிற குறிகளில் ஒன்றான பி0171 என்ற ‘கோடு’க்கு மொழிபெயர்ப்பாம். கலவையில் காற்று மிஞ்சி பெட்ரோல் போதவில்லை என்பதுதான் பொருள். வங்கி என்பது சிலிண்டர் வரிசை. சிரித்துவிட்டுப் போகலாம், அது யாரையும் ஏமாற்றாது. அதற்கு மேலே தலைப்பில், ‘ஃபால்ட் கோடு’ என்பதற்குத் தமிழாக இருந்த ‘பிழைக் குறியீடு’தான் ஏமாற்றும்.

ஆங்கிலத்து ‘ஃபால்ட்’ லத்தீனில் தொடங்கி பிரெஞ்சு வழியாக வந்த சொல். குறை என்றும் குற்றம் என்றும் இரு பொருள் உண்டு. ‘கோடு’ வந்தது மரத்தண்டைக் குறித்த ‘கோடெக்ஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து. நம் பழந்தமிழில் கோடு என்றால் மரக்கிளை! உறவெல்லாம் இல்லை, தற்செயல்தான். காரில் இது ஓர் எழுத்தும் நான்கு இடங்களும் கொண்ட குறி. இன்ஜின், கியர் சமாசாரம் என்றால் முதலெழுத்து ‘பி’. (பாடிக்கும் ‘பி’தான், வேறு ‘பி’. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, என்ன செய்ய.) அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இந்த முறை கட்டாயம்.

சரி, பிழைக்கு வருவோம். எழுத்துப்பிழை, கணக்குப்பிழை, அச்சுப்பிழை என எல்லாவற்றுக்கும் பின்னால் செய்தவர் ஒருவர் இருக்கிறார். விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ் என்ன பிழை செய்தது? கணினிக்காரர்கள் ‘எரர்’ என்பதற்குப் பிழை என்று வைத்தார்கள், அங்கே பொருந்தியது. அதையே தூக்கிவந்து இன்ஜினுக்கும் மாட்டிவிட்டார்கள். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு ஓடுகிற மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு நாள் பட்டறையில் உட்கார்ந்து காது கொடுக்கக்கூட நேரமில்லை.

இதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. பிழையை அழித்தால் திருத்தியாயிற்று என்றுதான் தமிழ்க் காது எடுத்துக்கொள்ளும். என் கார் டேஷ்போர்டில் இன்ஜின் பழுதைக் காட்டும் மஞ்சள் லைட் எரிந்தபோது ஒரு பட்டறையில் கோடைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, “எரரை அழிச்சாச்சு சார்” என்று காசு வாங்கிக்கொண்டார்கள். நான்காம் நாள் லைட் திரும்ப வந்தது. அழித்ததில் பழுது போகவில்லை. பழுது வந்த நொடியில் இன்ஜின் என்ன வேகத்தில், என்ன சூட்டில் ஓடியது என்ற பதிவுதான் போயிற்று. காரணம் நான் சொன்ன அந்த ஹோஸ்தான். அதன் விரிசல் வழியாக உள்ளே போன காற்று, காற்றை அளக்கும் சென்சாரின் கணக்கில் வரவே இல்லை.

பி0420 இன்னும் மோசம். புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். அதை நம்பி விலை உயர்ந்த கன்வெர்ட்டரை மாற்றிய பிறகு, சைலன்சர் குழாயில் இருந்த ஓட்டையோ கெட்டுப்போன ஆக்சிஜன் சென்சாரோதான் காரணம் என்று தெரியவரலாம்.

ஆகவே நான் எழுதுவது ‘பழுதுக்குறி’. பழுது பார்ப்பவர், பழுதான வண்டி என்று ஊரெங்கும் புழங்குகிற சொல். குறி என்றதும் அறிகுறி நினைவுக்கு வரும். காய்ச்சல் எப்படி நோயின் அடையாளமோ அப்படி. ‘குறியீடு’ தவறில்லை, நீளம்தான். ‘கோளாறு எண்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். பரவாயில்லை, ஆனால் அதில் எழுத்தும் இருக்கிறதே.

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனுக்கு இந்தக் கவலையே இல்லை. “கோடு என்ன காட்டுது?” என்பார். காட்டுகிறது, அவ்வளவுதான், அப்புறம் பானெட்டைத் திறந்து அவரே தேடுவார். ‘பழுது’ உயிர்த்தொடர்க் குற்றியலுகரம் என்ற வகைச் சொல், அதற்குப் பின் வேற்றுமையில் ‘க்’ மிகாதே, ‘பழுதுகுறி’ அல்லவா என்று இலக்கணக்காரர்கள் சண்டைக்கு வரலாம். ‘அரசு’ம் அதே வகைதான், ‘அரசுப் பள்ளி’யில் ‘ப்’ மிகுவதை முதலில் அழித்துவிட்டு வரட்டும்.