திறந்த அணுகல்: பணம் கட்டினால் மேற்கோள் கூடுமா?

‘ஓப்பன் ஆக்சஸ்’ என்ற தொடருக்கு இன்றைய பொருளைத் தந்தது 2002 பிப்ரவரி 14 அன்று வெளியான புடாபெஸ்ட் அறிக்கை. ஆய்வுக் கட்டுரையை இணையத்தில் எவரும் பணம் தராமல் படிக்கலாம், தரவிறக்கலாம், படியெடுக்கலாம், பகிரலாம் என்கிறது அது. எழுதியவர் பணம் கட்டியே ஆகவேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

‘ஆக்சஸ்’ பிறந்தது ‘நெருங்கிச் செல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து. நம் ‘அணுகு’ அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. ‘திறந்த அணுக்கம்’ என்றும் எழுதுகிறார்கள். ஆனால் அணுக்கம் நெருங்கிய உறவைச் சுட்டும் சொல். முதலாம் இராசேந்திரனுக்கு நெருக்கமான பரவை நங்கையைத் திருவாரூர்க் கல்வெட்டு ‘அணுக்கியார்’ என்கிறது. இங்கே வேண்டியது செயல்பெயர், ஆகவே ‘திறந்த அணுகல்’ என்பதே சரி. ‘இலவச அணுகல்’ போதாது: படிக்க மட்டும் விட்டு, மறுபயன்பாட்டு உரிமையைத் தராத கட்டுரையும் இலவசம்தான்.

இதழே கட்டுரையைத் திறந்து வைத்தால் ‘பொன் வழி’. பல இதழ்கள் இதற்கு ஆசிரியரிடம் வெளியீட்டுக் கட்டணம் வாங்குகின்றன. 2021இல் ‘நேச்சர்’ நிர்ணயித்தது 9,500 யூரோ. கட்டணமே வாங்காதவை ‘வைர வழி’ இதழ்கள். ஆசிரியர் தம் படியை, கட்டுரைகளைச் சேமித்துப் பகிரும் இணையக் களஞ்சியத்தில் தாமே இடுவது ‘பசுமை வழி’.

மேற்கோள் விஷயத்துக்கு வருவோம்: ஒரு கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் எத்தனை முறை சுட்டுகிறார்கள் என்ற கணக்கு அது. அமெரிக்க உடலியங்கியல் கழகத்தின் 11 இதழ்களில் வந்த 1,619 கட்டுரைகளில் 247ஐக் குலுக்கல் முறையில் திறந்துவிட்டுப் பார்த்தார் ஆய்வாளர் பிலிப் டேவிஸ். 2008இல் வந்த முடிவு: தரவிறக்கம் நன்றாகக் கூடியது, முதலாண்டு மேற்கோள் கூடவில்லை. மேற்கோள் காட்டும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் சந்தா கட்டிய பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள் என்பதே பொருத்தமான விளக்கம். 2018இல் ஹெதர் பிவோவர் என்ற ஆய்வாளரின் குழு, திறந்த கட்டுரைகளுக்குச் சராசரியைவிட 18% கூடுதல் மேற்கோள் கண்டது. அந்த உயர்வு முக்கியமாகப் பசுமை வழியிலிருந்தும், சந்தா இதழில் பணம் கட்டித் திறக்கும் கலப்பு வழியிலிருந்தும் வந்தது. ஆனால் அங்கே குலுக்கல் இல்லை. நிதி வளமுள்ள குழுக்களும், தம் சிறந்த கட்டுரையை மட்டும் திறப்பவர்களும் அந்தக் கணக்கில் கலந்திருக்கலாம். மேற்கோளுக்காக மட்டும் கட்டணம் கட்டுவதை இந்தச் சான்றுகளை வைத்துப் பரிந்துரைக்க முடியாது.

பசுமை வழியில் பலர் சறுக்குவது கோப்பில். பெரும்பாலான பதிப்பகங்கள் அனுமதிப்பது, சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட, பக்க வடிவமைப்புக்கு முந்தைய படியை மட்டுமே. அதற்கும் பல இடங்களில் 12 மாதக் காத்திருப்பு உண்டு. இதழ் அச்சிட்ட பிடிஎஃப்பை ஏற்றினால் நீக்கச் சொல்லி மடல் வரும். ஏற்பு மடல் வந்த அன்றே, ஏற்கப்பட்ட படியின் வேர்டு கோப்பைத் தேதியிட்டுத் தனியே சேமியுங்கள். ஓராண்டு கழித்துத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை.