மாற்றுத்திறனாளி பென்ஷனில் முதல் வீடு: லோன் எங்கே தட்டுகிறது?

பென்ஷனோ இழப்பீடோ மட்டும் வாங்கும் மாற்றுத்திறனாளிக்கு வீட்டுக் கடன் தரமாட்டார்கள் என்ற பேச்சு காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் உலவுகிறது. அது தவறு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சொத்து வாங்கவும் வங்கிக் கடன், அடமானக் கடன் பெறவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை தருகிறது. அதற்காகக் கேட்ட தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. மேலாளர் பார்ப்பது இரண்டுதான்: இந்தப் பணம் எத்தனை வருஷம் வரும், அது எந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது.

பணியில் ஊனமுற்று ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவரின் பென்ஷனுக்கு வருமான வரி இல்லை. நல்ல விஷயம்தான், ஆனால் வரி இல்லையென்று பலர் ரிட்டர்னே போடுவதில்லை. லோன் கேட்கும்போது வருமானத்துக்குச் சாட்சி இல்லாமல் நிற்கிறார்கள். விலக்குப் பெற்ற வருமானத்தைக் காட்டி இரண்டு, மூன்று வருஷ ரிட்டர்ன் போட்டு வையுங்கள். பென்ஷன் உத்தரவும் பென்ஷன் வரவாகும் கணக்கின் ஓராண்டு ஸ்டேட்மென்ட்டும் கூடவே வேண்டும். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) தரும் நிரந்தர ஊனத் தொகைக்கு அதன் ஆணைக் கடிதம் தேவை. விபத்து இழப்பீட்டை டெபாசிட் போட்டிருந்தால் வட்டி மட்டுமே வருமானம். அந்த டெபாசிட் தொகையையே முன்பணமாகப் போட்டுக் கடனைக் குறைப்பதே மேல். அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையை வங்கிகள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் 'தற்காலிகம்' என்றிருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே புதுப்பித்துவிடுங்கள்.

கணக்கு இப்படிப் போகும். பென்ஷன் 24,000 என்றால் பாதியளவு, அதாவது 12,000 வரை தவணைக்கு ஏற்பார்கள் என்று வையுங்கள். 9 சதவீத வட்டியில் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை 20 வருஷத்துக்குச் சுமார் 900, 15 வருஷத்துக்கு 1,014, 10 வருஷத்துக்கு 1,267. ஆக முறையே 13.3, 11.8, 9.5 லட்சம் கிடைக்கும். பென்ஷன்காரருக்குக் கடன் முடிய வேண்டிய வயதை ஒவ்வொரு வங்கியும் வரையறுத்திருக்கும். வயது கூடியவருக்குத் தொகை சுருங்குவது அதனால்தான். வேலையில் உள்ள மகனோ மகளோ இணை விண்ணப்பதாரராக வந்தால் வருஷமும் தொகையும் நீளும். வண்டிக் கடன் 3,000 ஓடினால் அந்த 12,000 வெறும் 9,000 ஆகிவிடும். மகளிர் குழுக் கடனில் தவறிய தவணையும் சிபில் எனும் கடன் வரலாற்று அறிக்கையில் ஏறியிருக்கக்கூடும்; முதலில் அந்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டிய பணத்தைக் குறைத்து மதிப்பிடுவதே அடுத்த தவறு. 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம்தான் ரிசர்வ் வங்கி விதிப்படி தரலாம். 12 லட்ச ரூபாய் வீட்டுக்கு 1.2 லட்சம் உங்கள் பங்கு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், அதாவது 1,08,000 தனி. லீகல், மதிப்பீடு, பரிசீலனைக் கட்டணம் அதற்கு மேல். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டலாம் என்று தரகர் சொன்னால் கேட்காதீர்கள். காட்டிய தொகைக்குத்தான் கடன்.

உண்மையில் செட்டிநாட்டில் வருமானத்தைவிடப் பத்திரமே அதிகம் இடறுகிறது. பெரிய வீட்டில் பங்காளியிடம் பங்கு வாங்கலாம் என்று ஆசைப்படுவார்கள். பாகப்பிரிவினை பதிவாகாத கூட்டுப் பங்கை எந்த வங்கி அடமானமாக ஏற்கும்? கையெழுத்துப் போட வேண்டியவர் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அவருடைய பவர் பத்திரம் செல்லுமா என்று வழக்கறிஞர் பார்த்தாக வேண்டும். பழைய சுண்ணாம்புக் கட்டடமென்றால் மதிப்பீட்டாளர் அதன் எஞ்சிய ஆயுளைப் பார்ப்பார். பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் விற்பவர் சொல்லும் விலையில் உண்டு, மதிப்பீட்டில் பெரும்பாலும் மனை விலைதான் நிற்கும். கடைசியில் இடைவெளியை நீங்கள் ரொக்கமாகக் கட்ட வேண்டிவரும். முன்பணம் கொடுக்கும் முன் 30 வருஷ வில்லங்கச் சான்று, பட்டா, நத்தமா தேவஸ்தான நிலமா என்ற விவரம் மூன்றையும் பாருங்கள். மனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் சேர்த்து விசாரியுங்கள். 'லோன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும்' என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

கடனோடு ஒட்டித் தரும் ஆயுள் காப்பீடு கட்டாயமல்ல. எடுப்பதென்றால் ஊனத்தையும் நோயையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பின்னால் குடும்பத்துக்குப் பணம் வராமல் போகலாம். ஒற்றைப் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துவிட்டால் அதற்கும் வட்டி ஓடும்.

நகர்ப்புறப் பிரதமர் வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், 35 லட்சத்துக்கு மிகாத வீட்டுக்கு 25 லட்சம் வரை வாங்கிய கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம் உண்டு, மொத்தம் 1.80 லட்சம் வரை, ஐந்து தவணையாக. குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாட்டில் எங்கும் குடும்பத்தார் பெயரில் நிரந்தர வீடு இருக்கக்கூடாது. பூர்வீக வீட்டில் சிறு பங்கு இருந்தாலும் அதைச் சொல்லித் தெளிவாக்கிக்கொண்ட பிறகே உறுதிமொழியில் கையெழுத்திடுங்கள். வருவாய்த் துறை வழியாக உதவித்தொகை வாங்குபவர், சொத்துச் சேர்ந்தால் அது நிற்குமா என்று தாலுகா அலுவலகத்தில் முன்னதாகக் கேட்பது நல்லது.

விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஊனமே காரணமென்று தெரிந்தால் வங்கியிடம் எழுத்தாலேயே புகார் கொடுங்கள்; 30 நாளில் பதில் வராவிட்டால், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு)க் கட்டணமின்றி இணையத்திலேயே அனுப்பலாம்.