பார்கோடு முதலில் அலமாரிக்கு, அப்புறம்தான் சிலைக்கு

அருங்காட்சியகத்தில் ஒரு பொருளைக் காணோம் என்றால் உடனே திருட்டு என்றுதான் வெளியே பேசுவார்கள். ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், பல நேரம் அது அதே கட்டடத்துக்குள்தான் இருக்கும். படம் எடுக்கக் கொண்டுபோனவர் அவசரத்தில் வேறு தட்டில் வைத்திருப்பார். கண்காட்சிக்குப் போய்வந்தது பழைய பெட்டிக்குத் திரும்பியிருக்காது. பதிவேட்டில் மட்டும் பழைய இடமே எழுதியிருக்கும். இப்படி இடம் மாறிப்போனது வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாது. இதற்கு நடுவில் உண்மையிலேயே ஒன்று திருடுபோனால், அதையும் ‘எங்கேயாவது இருக்கும்’ என்று விட்டுவிடுவோம். எனக்குக் கவலை தருவது இதுதான். இதைத் தடுக்கத்தான் பொருள்களுக்குப் பார்கோடு போடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம், ஆனால் பதிவேடு சரியாக இருந்தால்தான் அது பயன்படும்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் நடந்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள். காப்பறையிலிருந்த, அதாவது காட்சிக்கு வைக்காமல் உள்ளே பூட்டி வைத்திருந்த, சுமார் 2,000 பொருள்கள் காணாமலோ சேதமாகியோ போயிருப்பது 2023இல் வெளியே வந்தது. பெரும்பாலும் சின்னச் சின்ன மணிக்கற்கள், நகைகள். அவற்றைச் சந்தையில் பார்த்த ஒரு கலைப்பொருள் வணிகர் 2021லேயே எச்சரித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றே அவருக்குப் பதில் போனது. காணாமல்போனவற்றில் பல முழுமையாகப் பதிவாகாதவை. பட்டியலில் இல்லாத பொருளுக்கு எந்தப் பார்கோட்டைப் போடுவது? பாக்கியிருக்கும் 24 லட்சம் பதிவுகளை ஐந்து ஆண்டில் கணினியில் ஏற்றி முடிப்போம் என்று அந்த நிறுவனம் அதற்குப் பிறகுதான் அறிவித்தது.

அதனால், பார்கோடு போடலாமா என்று யாராவது கேட்டால் பிரிண்டர் விலைக்குப் போகும் முன் பதிவேட்டைக் காட்டச் சொல்வேன். ஒவ்வொரு பொருளுக்கும் சேர்க்கை எண் (அருங்காட்சியகத்தில் சேர்க்கும்போது தரும் தனி எண்) இருக்கிறதா, ஒரே எண் இரண்டு பொருளுக்கு விழுந்திருக்கிறதா, படம் இருக்கிறதா? படம் மிக முக்கியம். தமிழ்நாட்டில் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜர் சிலையை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கியது, 2014இல் திருப்பித் தந்தது. அந்தச் சிலை கோயிலில் இருந்ததைக் காட்டியவை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள். லேபிளைக் கிழித்துவிடலாம். முகத்தையும் தேய்மானத்தையும் உடைந்த விளிம்பையும் அடையாளம் சொல்வது படம்தான்.

சரி, பட்டியல் ஒழுங்காகிவிட்டது. இப்போது முதல் லேபிளை எதில் ஒட்டுவது? அலமாரியில். அறை, அலமாரி, தட்டு, பெட்டி என்று ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனிப் பார்கோடு வேண்டும். பொருளின் பார்கோட்டை ஒரு தடவை, அது போய் உட்காரும் தட்டின் பார்கோட்டை ஒரு தடவை ஸ்கேன் செய்தால், யார், எப்போது, எங்கிருந்து எங்கே மாற்றினார் என்பது அந்த நிமிடமே பதிவாகிவிடும். பெட்டியோடு நகர்த்தினால் பெட்டியை மட்டும் ஸ்கேன் செய்தால் போதும். உள்ளே இருக்கும் நாணயம் எல்லாவற்றுக்கும் இடம் மாறிவிடும். கையால் எழுதும்போது 1457 என்பது 1475 ஆவது சர்வசாதாரணம். நாணயச் சேகரிப்பில் அந்த இரண்டு எண்ணுமே இருக்கும், தப்பு நடந்ததே தெரியாது. கோட் 128 போன்ற பார்கோட்டு வகைகளில் மற்ற எழுத்துகளிலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எழுத்து உள்ளேயே இருப்பதால், தவறாகப் படித்தால் ஸ்கேனர் ஏற்காது.

அமெரிக்க இந்தியர் தேசிய அருங்காட்சியகம் 1999 முதல் 2004 வரை சுமார் எட்டு லட்சம் பொருள்களை நியூயார்க்கின் பிராங்க்ஸிலிருந்து மேரிலாந்துக்கு இடம் மாற்றியது. அப்போது எது எந்தப் பெட்டியில் போகிறது என்பதைப் பார்கோட்டை வைத்துத்தான் தொடர்ந்தார்கள். சின்ன அருங்காட்சியகத்துக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. க்யூஆர் கோடும் ஒரு கைப்பேசியுமே தாங்கும். கோட்டுக்குள் எண் மட்டும் இருக்கட்டும். மதிப்பையோ காப்பறை விவரத்தையோ அதில் எழுதினால் கைப்பேசி வைத்திருக்கும் யாரும் படித்துவிடுவார்கள். அறை எண்ணையும் அலமாரி எண்ணையும் பொருளின் எண்ணிலேயே நுழைக்கிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அலமாரி மாறிய அன்றே அந்த எண் பொய்யாகிவிடும்.

பொருளின் மேல் நேராக ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது. பசை, செலோ டேப், ரப்பர் பேண்ட் மூன்றுமே பின்னால் கறையாகவும் அரிப்பாகவும் திரும்பி வரும். வெண்கலச் சிலைக்கு அமிலமில்லாத அட்டையில் டேக், வெள்ளைப் பருத்தி நாடா. அதையும் பலமான பகுதியில் தளர்வாகக் கட்ட வேண்டும், நீட்டிக்கொண்டிருக்கும் விரலிலோ ஆயுதத்திலோ வேண்டாம். நாணயத்துக்கு உறைமேல். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், செம்பில் பச்சைப் பிசுக்கு ஏறும். ஓலைச்சுவடிக்கு மேல்பலகையில் கட்டிய கயிற்றில். உலர்த்திய செடிகளைப் பதித்து வைக்கும் உலர்தாவரத் தாளில் மட்டும் தாள் ஓரத்தில் நேராகவே ஒட்டுகிறார்கள், ஏனென்றால் அந்தத் தாளே தாங்கும் அட்டை.

லேபிள் அச்சிடுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரிப்பன் இல்லாத தெர்மல் பிரிண்டர் மலிவு. ஆனால் அதில் அடித்தது கடை பில் மாதிரி வெளிறிப்போகும், நம் ஊர் வெக்கையில் இன்னும் சீக்கிரம். ரிப்பன் போடும் பிரிண்டரில் ரெசின் (பிசின் மை) ரிப்பன் போட்டு பாலியெஸ்டர் லேபிளில் அடித்தால் நிற்கும். கோட்டுக்குக் கீழே எண்ணையும் கண்ணால் படிக்கிற அளவுக்கு அச்சிடுங்கள், கரண்ட் போன அன்றைக்கும் வேலை ஓட வேண்டுமே. டேக் கழன்றாலும் பொருள் அநாதையாகாமல் இருக்க, பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் பூச்சின் மேல் மையால் எழுதும் பழைய முறையையும் கைவிட வேண்டாம். தேவைப்பட்டால் அசிட்டோனில் நீக்கிவிடலாம்.

இத்தனை செய்தும் ஏற்பாடு சரிவது எங்கே என்றால், கண்காட்சிக்கு முந்தின இரவிலும் யாரோ பெரியவர் பார்க்க வரும் நாளிலும்தான். ஸ்கேனர் தேட நேரமிருக்காது, சிலை மட்டும் நகர்ந்துவிடும். அதற்காக ஒவ்வோர் அலமாரியிலும் வெற்றுச் சீட்டுகளைக் கட்டித் தொங்கவிடச் சொல்கிறேன். எடுத்தவர் பொருளின் எண், தேதி, அது எங்கே போகிறது, தன் கையெழுத்து எல்லாம் ஒரு சீட்டில் எழுதிக் காலி இடத்தில் வைத்துவிட்டுப் போகட்டும். மறுநாள் காலை அந்தச் சீட்டைப் பார்த்து ஸ்கேன் செய்துகொள்ளலாம்.

அப்புறம் மாதா மாதம் ஒரு சோதனை. கணினியிலிருந்து ஒரு இருபது எண்களை எடுத்துக்கொண்டு காப்பறைக்குப் போய்த் தேடுங்கள். பிறகு காப்பறையில் கைக்கு வந்த இருபது பொருள்களை எடுத்துக் கணினியில் தேடுங்கள். முதலாவதில் காணாமல்போனது தெரியவரும், இரண்டாவதில் பதிவே இல்லாதது தெரியவரும். இந்தச் சோதனையைக் காப்பறைச் சாவி வைத்திருப்பவரிடமே விடாமல் வேறொருவரிடம் கொடுங்கள்.