மாற்றும் துணையும்

மொரீஷியஸில் கத்ர் போர்ன் ஊர்ப் பக்கம் ஒரு கோவில் மண்டபத்தில் குழந்தைகளின் இரைப்பு நோய் பற்றிப் பேச்சு. கையில் கொடுத்த தாளின் தலைப்பு: 'அமிலப் பின்னோட்ட ஆஸ்துமாவுக்கு மாற்றுச் சிகிச்சைகள்'. வயிற்று அமிலம் மேலேறி எதுக்களிப்பதோடு சேர்ந்து வரும் இரைப்பைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். ஏழு வயதுப் பையனோடு வந்திருந்த ஓர் அம்மா 'மாற்று' என்ற சொல்லில் விரலை வைத்து, "அப்படின்னா இன்ஹேலரை நிறுத்திடலாமா ஐயா?" என்று கேட்டார்.

தப்பு அவர்மேல் இல்லை. பிரெஞ்சில் 'கொம்ப்ளேமாந்தேர்' என்று இருந்ததைத் தமிழாக்கியவர் செய்த வேலை அது. லத்தீன் வேர், நிரப்புதல் என்று பொருள். அவ்வளவுதான். 'மாற்று' என்பதோ ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது. மாற்றுத் துணி கொண்டுவா என்றால் உடுத்தியிருப்பதைக் களையப் போகிறோம் என்றுதானே அர்த்தம்? நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே பார்க்கலாம்: சோற்றுக்குப் பதில் ஃபராத்தா ரொட்டி மாற்று, சோற்றோடு வரும் தொடுகறி துணை. படுக்கையின் தலைமாட்டை உயர்த்துவது, இரவுச் சாப்பாட்டைத் தூங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடிப்பது, மூச்சுப் பயிற்சி எல்லாம் தொடுகறி வகை. இன்ஹேலர்தான் சோறு.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகூடச் சோறாகிவிடாது. 2012ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆஸ்துமா அடங்காத, ஆனால் எதுக்களிப்பு அறிகுறி இல்லாத 306 பிள்ளைகளில் ஒரு பாதிக்கு லான்சோபிரசோல் என்ற அந்த வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரைப்பு குறையவில்லை.

'நிரப்பு மருத்துவம்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. வேருக்கு நேர்மைதான், ஆனால் காதில் பல் அடைப்பதுபோல விழுகிறது. எனக்குத் 'துணைச் சிகிச்சை' போதும். 'துணை மருத்துவம்' என்றால் தமிழ்நாட்டில் எக்ஸ்ரே, ஆய்வகப் படிப்புகளோடு குழம்பும் என்பார்கள். சரி, அதனால்தான் சிகிச்சை என்கிறேன். சித்த மருத்துவத்தில் சூரணத்தைக் குழைத்துக் கொடுக்கும் தேனையும் நெய்யையும் அனுபானம், துணைமருந்து என்றே சொல்லிவருகிறார்கள். சூரணத்தை விட்டுத் தேனை மட்டும் நக்கச் சொன்ன வைத்தியர் யாராவது உண்டா?

'அமிலப் பின்னோட்டம்' இன்னொரு கொடுமை. பின்னோக்கி ஓடும் பந்தயமா இது? பால் குடித்த குழந்தை கக்கினால் 'எதுக்களிக்கிறது' என்று பாட்டிகள் சொல்வார்களே, அந்தச் சொல் இருக்கும்போது இது எதற்கு? அமில எதுக்களிப்பு என்றால் எல்லாருக்கும் தொண்டையில் புளிப்பே தெரியும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் புரட்டுவதற்கு முன் சமையலறைப் பக்கம் ஒரு நடை போகலாம்.

அந்தத் தாளில் 'மாற்று' என்பதைப் பேனாவால் அடித்துத் 'துணை' என்று எழுதிக் கொடுத்தேன். பக்கத்திலிருந்த நர்ஸ் எட்டிப் பார்த்து, கீழே இருந்த புதினாத் தேநீரையும் அடிக்கச் சொன்னார். இரைப்பையின் வாய்த் தசையைப் புதினா தளர்த்திவிடுமாம், எதுக்களிப்பு கூடுமாம். அதையும் அடித்தேன்.