டிஎல்எஸ் அறிக்கையில் சராசரி எண்ணுக்கு அப்பாலும் பாருங்கள்

நானோ துகள்களின் அளவை அறிய ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவோரில் பலர், டிஎல்எஸ் அறிக்கை வந்ததும் அதில் இசட்-சராசரி (சிதறும் ஒளியின் செறிவை வைத்துக் கணக்கிட்ட சராசரி விட்டம்) என்று அச்சாகியிருக்கும் எண்ணை மட்டும் எடுத்து ஆய்வேட்டில் எழுதிவிடுகிறார்கள். அந்த எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்பவர்கள் குறைவு.

டிஎல்எஸ் எனப்படும் இயங்குநிலை ஒளிச்சிதறல் முறையில் கருவி துகளை நேரடியாக அளப்பதில்லை. நீர்மத்தில் மிதக்கும் துகள்கள் பிரௌனியன் இயக்கத்தால் ஓயாது அசைவதால், அவற்றின் மேல் பட்டுச் சிதறும் லேசர் ஒளியின் செறிவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. துகள் சிறிதாக இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் விரைவாகவும், பெரிதாக இருந்தால் மெதுவாகவும் நிகழும். இந்த வேகத்திலிருந்து, துகள் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதைக் குறிக்கும் விரவல் குணகத்தைக் கண்டறிந்து, ஸ்டோக்ஸ்-ஐன்ஸ்டைன் சமன்பாட்டின் வழியே விட்டம் கணிக்கப்படுகிறது. அச்சமன்பாட்டில் இடம்பெறும் பாகுநிலையை (நீர்மத்தின் ஓட்டத் தடையை) நாம்தான் கருவிக்குத் தர வேண்டும். 20 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் உள்ள லிப்போசோமை (நுண்ணிய கொழுப்புக் குமிழியை), தண்ணீரின் பாகுநிலையை அப்படியே விட்டு அளந்தால், விட்டம் ஏறக்குறைய இரு மடங்காகக் காட்டப்படும்; கருவி எந்த எச்சரிக்கையும் தராது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களில், சிதறும் ஒளியின் செறிவு விட்டத்தின் ஆறாம் படிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. ஆகவே 50 நானோமீட்டர் துகள் ஒன்று, அதே பொருளாலான 5 நானோமீட்டர் துகளைப் போல் 10 லட்சம் மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். வடிகட்டாத தண்ணீரில் வந்த சிறு தூசியோ, ஒட்டிக்கொண்ட ஒரு சில துகள்களின் திரளோ சராசரியை எளிதில் மேலே இழுத்துவிடுவது இதனால்தான். கரைப்பானை 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் செலுத்துவது, மாதிரியை ஊற்றும் சிறு கலமான குவெட்டின் ஒளி புகும் பக்கங்களில் விரல் படாமல் பிடிப்பது, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி 25 டிகிரிக்கு வந்தபின் சுவரில் குமிழி ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது ஆகியவற்றைச் சின்ன வேலைகள் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது.

பரவல் குறியீடான பிடிஐ 0.1க்குக் கீழே இருந்தால், துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவின என்று கொள்ளலாம். அது 0.7ஐத் தாண்டினால், அந்த மாதிரிக்கு இம்முறையே பொருந்தாது என்று பொருள். அப்போது சிலர், சிதறிய ஒளியின் செறிவுப்படி அளவுகளைக் காட்டும் செறிவுப் பரவலை விட்டுவிட்டு, சிறிய எண் தெரிகிறது என்பதற்காக, துகள்களின் எண்ணிக்கைப்படி காட்டும் எண்ணிக்கைப் பரவலைக் கேட்கிறார்கள். கணக்கால் மாற்றிப் பெற்ற அந்தப் படத்தில் மூல அளவீட்டின் பிழைகள் பெருகியே வரும் என்பதால், அதை மட்டும் வெளியிடுவதை நான் ஏற்பதில்லை.

மின்னணு நுண்ணோக்கி காட்டும் அளவைவிட டிஎல்எஸ் விட்டம் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் இயல்பே. துகளோடு சேர்ந்து நகரும் மேற்பூச்சும் நீர்ப்படலமும் அதில் அடங்கும். ஆனால் தங்க நானோ கம்பிகளை அளக்கும்போது சில நானோமீட்டரில் இன்னொரு முகடு தெரிந்தால், சிறு துகள்கள் கலந்திருப்பதாக உடனே முடிவு கட்ட வேண்டாம். கம்பி தன்னைத் தானே சுழற்றிக்கொள்ளும் அசைவையும் கருவி இடப்பெயர்ச்சியாகவே கணக்கிடுவதால் அப்படியொரு முகடு தோன்றக்கூடும்.