மூன்று மொழி, ஒரே இலக்கணம்

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது குப்வாட். 1960களில் அங்கே சுமார் 3,000 பேர். சமணர்களும் லிங்காயத்துகளும் வீட்டில் பேசியது கன்னடம். முஸ்லிம்கள் உருது, தலித்துகள் மராத்தி, கயிறு திரிக்கும் சில குடும்பங்கள் தெலுங்கு. ஆண்களில் அநேகமாக எல்லோருக்கும் இரண்டு மூன்று மொழி வரும். தலைமுறை தலைமுறையாக இப்படி நெருங்கி வாழ்ந்தும் ஒரு மொழி இன்னொன்றை விழுங்கிவிடவில்லை. ஆனால் உள்ளுக்குள் வேறொன்று நடந்திருந்தது. மொழி ஆய்வாளர்கள் ஜான் கம்பர்ஸும் ராபர்ட் வில்சனும் அதை 1971இல் எழுதினார்கள்.

அவர்கள் வாக்கியங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார்கள். அவ்வூர் உருது: பாலா ஜரா காட்-கே லே-கே ஆயா. மராத்தி: பாலா ஜரா காப்-ஊன் கே-ஊன் ஆலோ. தமிழில் ‘கீரை கொஞ்சம் அறுத்து எடுத்து வந்தேன்’. கன்னட வாக்கியமும் இதே வரிசைதான். சொல்லை மட்டும் மாற்றினால் மொழி மாறிவிடுகிறது.

இங்கே அவசரப்படக் கூடாது. வினை கடைசியில் வருவதும், ‘அறுத்து’, ‘எடுத்து’ என எச்சங்கள் அடுக்கி வருவதும் இந்திய மொழிகள் பலவற்றுக்குப் பொது. வெறும் சொல்வரிசை ஒத்துப்போவதை வைத்து ஒன்றையும் நிறுவ முடியாது. மொழிகள் முரண்பட வேண்டிய இடத்தில் முரண்படாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆண்பால், பெண்பால் வேறுபாட்டைப் பாருங்கள். உருதில் ‘நதி’ பெண்பால். ‘நதி ஆயீ’ (நதி வந்தது) என்பதே முறை. குப்வாட்டில் ஆண்பால் வினை போட்டு ‘நதி ஆயா’ என்றார்கள். காரணம் கன்னடம். நம் உயர்திணை, அஃறிணை போல அதில் உயிரில்லாப் பொருளுக்கு ஆண், பெண் கிடையாது. அந்த வழக்கம் உருதுக்கும் மராத்திக்கும் ஏறிவிட்டது.

போக்குவரத்து ஒருவழி அல்ல. ‘இது உங்கள் வீடு’ என்பதற்குத் தமிழைப் போலவே கன்னடத்திலும் வினை தேவையில்லை. மராத்தியில் ‘ஆஹே’, உருதில் ‘ஹை’ வந்தாக வேண்டும். குப்வாட் கன்னடமும் கடைசியில் ஒரு வினையைச் சேர்த்துக்கொண்டது. தமிழில் ‘இது உங்கள் வீடு இருக்கிறது’ என்பதுபோல.

ஏன் இலக்கணம் இவ்வளவு கலந்தது, சொல் அந்த அளவு கலக்கவில்லை? இருமொழியாளர் ஒரு மொழியில் பேசும்போது மற்றது மூளையில் அணைந்துவிடுவதில்லை. 2004இல் வெளியான ஒரு சோதனையில், ஸ்பானிய மொழியில் செயப்பாட்டுவினை வாக்கியத்தைக் கேட்டவர்கள், அடுத்த படத்தை ஆங்கிலத்தில் விவரிக்கும்போதும் செயப்பாட்டுவினையையே கூடுதலாகப் பயன்படுத்தினார்கள். வாக்கிய அச்சு மொழி தாண்டி ஒட்டிக்கொள்கிறது, பேசுபவருக்கே தெரியாமல். நாளுக்குப் பலமுறை மொழி மாற்றுபவருக்கு மூன்று அச்சைவிட ஒரே அச்சு சுலபம். சொல் அப்படியல்ல: அது காதில் விழுந்ததுமே ‘இவர் யார் வீட்டுக்காரர்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அதில் கவனமாக இருப்பார்கள்.

அடையாளம் இவ்வளவு முக்கியமென்றால் பொது இடத்தில் எதைப் பேசுவது? கன்னடக்காரர்கள் அதிகம் இருந்தும் குப்வாட்டில் சமூகங்களுக்கு இடையே ஓடிய மொழி மராத்தி. நிலம் வைத்திருந்த சமணருக்கும் முஸ்லிமுக்கும் அது வீட்டுமொழி அல்ல. ஒருவர் வீட்டுமொழியில் இன்னொருவரிடம் பேசினால் யார் விட்டுக்கொடுத்தார்கள் என்ற கேள்வி வரும். மராத்தியில் பேசினால் வராது.